எக்டமி தெரியாத இங்கிலீஷ் வாத்தியார்

நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். வீட்டில் யாருக்காவது ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் மட்டும் இன்றைக்கே படித்துவிடுங்கள்.

முந்தாநாள் எங்கள் பள்ளி முன்னாள் மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. 'ஃபோபியா என்று முடியும் 50 ஆங்கிலச் சொற்கள்'. அனுப்பியவன் என்னிடம் படித்தவன். இப்போது போட்டித் தேர்வுக்குப் பயிற்சி மையம் நடத்துகிறான், நல்ல பையன். எட்டுக்கால் பூச்சியைக் கண்டு பயந்தால் அரக்னோஃபோபியா. 13 என்ற எண்ணைக் கண்டு பயந்தால் ட்ரிஸ்கைடெக்காஃபோபியா. நீளமான சொல்லைக் கண்டு பயப்படுவதற்கு ஒன்றரை வரி நீளத்தில் ஒரு சொல். அதை யாரோ வேடிக்கைக்காக இழுத்து நீட்டி வைத்தார்கள், நம் பிள்ளைகள் அதையும் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்கிறார்கள். கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். எனக்கும் ஒரு கும்பிடு: 'எல்லாம் நீங்க போட்ட பிச்சை சார்.'

அந்தக் கடைசி வரிதான் என்னைச் சுட்டது. உண்மையிலேயே நான் போட்ட பிச்சைதான் அது.

அவனைப் போனில் கூப்பிட்டேன். "தம்பி, இத்தனை ஃபோபியா சொல்லிக் கொடுக்கிறாயே, எக்டமி என்று முடிகிற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உன் பிள்ளைகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது மெடிக்கல் வேர்ட் சார். நம்ம எக்ஸாம்ல கேக்க மாட்டாங்க" என்றான்.

இதே பதிலை 30 வருடத்துக்கு முன்னால் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு. கரும்பலகையில் 'சைட்' பட்டியல் எழுதிப் போட்டிருந்தேன். ஹோமிசைட், மனிதனைக் கொல்வது. சூயிசைட், தன்னைத் தானே கொல்வது. ரெஜிசைட், அரசனைக் கொல்வது. ஃப்ராட்ரிசைட், உடன்பிறந்தவனைக் கொல்வது. பிள்ளைகள் கோரஸாகச் சொல்கிறார்கள். கடைசி பெஞ்சில் ஒரு விவசாயி வீட்டுப் பையன் எழுந்து, "சார், எங்கப்பா வயலுக்கு அடிக்கிற பெஸ்டிசைடும் இதுதானா?" என்று கேட்டான்.

அன்றைக்கு அந்த வகுப்பிலேயே மூளை வேலை செய்தது அவன் ஒருவனுக்குத்தான். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, டப்பாவில் ஒட்டியிருந்த பெயரைப் பிடித்துவிட்டான். நான் அவனைத் தூக்கிக் கொண்டாடியிருக்க வேண்டும். "பூச்சிக்கொல்லி என்று தமிழில் சொல்கிறோமே, அந்தக் 'கொல்லி'தான்டா இந்த 'சைட்'. களைக்கொல்லி ஹெர்பிசைட், பூஞ்சைக்கொல்லி ஃபங்கிசைட். ரெண்டு மொழியும் ஒரே மாதிரி வாலில்தான் சங்கதியை வைத்திருக்கிறது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னது என்ன தெரியுமா? "ஆமா, அதுவும்தான். ஆனா பரீட்சைக்கு வராது, உக்காரு."

அரசனைக் கொல்வதற்கு ஒரு சொல் வேண்டுமாம். நம் ஊரில் அரசன் எங்கே இருக்கிறான் கொல்வதற்கு? வயலில் மருந்தடித்துவிட்டு மயங்கி விழுகிறவன்தான் இருக்கிறான்.

ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒட்டை நாம் சொல்லிக் கொடுக்கும் விதமே கோளாறு. பாடப்புத்தகத்தில் முன்னொட்டு, பின்னொட்டு என்று பயிற்சி இருக்கிறது. 'னெஸ்' சேர், 'மெண்ட்' சேர், 'ஃபுல்' சேர், கோடிட்ட இடத்தை நிரப்பு. முடிந்தது. பயிற்சி மையத்துக்குப் போனால் விநோதப் பட்டியல். இரண்டுக்கும் நடுவே, ஒரு சாதாரணக் குடும்பத்தின் கையில் எந்த ஆங்கிலச் சொல் எந்த நாளில் வந்து விழப்போகிறது என்பதை எவனும் யோசிப்பதில்லை. எட்டுக்கால் பூச்சிக்குப் பயந்தவனை என் 32 வருட சர்வீஸில் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "இதுல என்ன சார் போட்டிருக்கு?" என்று கேட்டவர்களை எண்ணவே முடியாது.

அந்த வராந்தாவுக்குத்தான் வருகிறேன். இதை இதுவரை எழுதியதில்லை. என் தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2009. அவளுக்கு அப்போது 41 வயது. ரொம்ப நாளாக உதிரப்போக்கு, ரத்தச்சோகை. பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் என்று முடிவானது. அன்று காலை நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். மாப்பிள்ளை அதை வாங்கி அப்படியே என்னிடம் கொடுத்தார். "நீங்க பாத்துச் சொல்லுங்க மச்சான், போட்டுர்றேன்" என்றார். குடும்பத்தில் நான்தான் இங்கிலீஷ் வாத்தியார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நாலு பேர் பார்க்கப் படித்தேன். 'டோட்டல் அப்டாமினல் ஹிஸ்டரெக்டமி வித் பைலேட்டரல் சால்பிங்கோ ஊஃபரெக்டமி'.

ஹிஸ்டரெக்டமி என்றால் கர்ப்பப்பையை எடுப்பது என்று ஊர்ப்பேச்சில் கேட்டுத் தெரியும். மீதி தெரியாது. 25 வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவனுக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். நர்ஸ் பேனாவை நீட்டிக்கொண்டு, "டைம் ஆகுது சார்" என்றார். வாத்தியாருக்கே தெரியவில்லையா என்று நாலு பேர் நினைத்துவிடுவார்களே என்று எனக்குக் கூச்சம். "கர்ப்பப்பையை எடுக்கிறாங்க. மத்ததெல்லாம் அதோட சேர்ந்த டெக்னிக்கல் வார்த்தை. போடுங்க" என்றேன். மாப்பிள்ளை போட்டார். தங்கச்சியும் போட்டாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்குள் உடம்பெல்லாம் திடீர் திடீரென்று தீப்பிடித்த மாதிரி எரிச்சல், இரவில் வியர்வை, தூக்கமில்லை, ஒன்றுமில்லாததற்கு அழுகை. வீட்டில் அவளுக்குக் கோபக்காரி என்று பெயர் வந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து, கொல்லைப்புறத்தில் லேசாகச் சறுக்கியதற்கே மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மதுரையில் வேறொரு பெண் டாக்டர் பழைய டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு முட்டைப்பையையும் சேர்த்து எடுத்திருக்காங்களேம்மா. தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டார். மாதவிலக்கு தானாக நிற்கிற வயதுக்கு முன்னால் இரண்டு முட்டைப்பையையும் எடுத்தால் உடம்பு ஒரே நாளில் அந்த வயதுக்குப் போய்விடும், ஹார்மோன் நின்றுபோகும், எலும்பு தேயும், அதற்கு மருந்து மாத்திரையும் கவனிப்பும் வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். மூன்று வருடம் எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தங்கச்சி என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டாள்: "அண்ணே, நீங்க படிச்சுப் பாத்துத்தானே போடச் சொன்னீங்க?"

முட்டைப்பையை எடுத்தது மருத்துவப்படி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அவசியமாகக்கூட இருந்திருக்கலாம். அதை முடிவு செய்ய நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தத் தாளில் 'எக்டமி' என்பது இரண்டு முறை இருந்தது. இரண்டு பொருள் வெளியே வரப்போகிறது என்று அந்தத் தாளே சொல்லியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்திருந்தால், "ஒண்ணு கர்ப்பப்பை, ரெண்டாவது என்ன? அது கட்டாயம் எடுக்கணுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பேன். அந்த ஒரு கேள்வி என்னிடம் இல்லை. 13 என்ற எண்ணைக் கண்டு பயப்படுவதற்கு இங்கிலீஷில் என்ன என்று மட்டும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு மருத்துவ அகராதி வாங்கினேன். விஷயம் இவ்வளவு எளிதா என்று வெட்கமாக இருந்தது. எல்லாம் கிரேக்கம். 'டோமே' என்றால் வெட்டு. ஆட்டம் என்று அணுவைச் சொல்கிறோமே, வெட்ட முடியாதது என்று பொருள். அனாட்டமி, வெட்டிப் பார்த்து அறிவது. ஆக, வெறும் 'ஆட்டமி' என்று முடிந்தால் வெட்டித் திறப்பது: லேப்பராட்டமி என்றால் வயிற்றைத் திறப்பது, கிரேனியாட்டமி என்றால் மண்டை ஓட்டைத் திறப்பது. அதற்கு முன்னால் 'வெளியே' என்று பொருள்படும் 'எக்' சேர்ந்துவிட்டால் 'எக்டமி', வெட்டி வெளியே எடுப்பது. டான்சிலெக்டமியில் டான்சில் போகும், மாஸ்டெக்டமியில் மார்பகம் போகும், கோலிசிஸ்டெக்டமியில் பித்தப்பை போகும். 'ஸ்டோமா' என்றால் வாய். 'ஆஸ்டமி' என்று முடிந்தால் உடம்பில் புதிதாக ஒரு வாய் வைப்பது. கொலாஸ்டமி செய்தால் பெருங்குடலை வயிற்றுத்தோல் வழியாகத் திறந்து வெளியே பை மாட்டுவார்கள். 'ஸ்கோப்பி' என்றால் பார்ப்பது.

பார்ப்பது, திறப்பது, எடுப்பது, வாய் வைப்பது. நாலு வால். ஒரு பீரியட் போதும், மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் மிச்சமிருக்கும்.

நம் பிள்ளைக்கு இது புதிதும் இல்லை. தமிழ் வழியில் அறிவியல் படித்த எந்தப் பிள்ளையும் வெப்பமானி, காற்றழுத்தமானி, பால்மானி படித்திருக்கும். 'மானி' வந்தால் அளப்பது. நுண்ணோக்கி, தொலைநோக்கி, 'நோக்கி' வந்தால் பார்ப்பது. வாலைப் பார்த்து வகையைச் சொல்லும் வித்தையை எட்டாம் வகுப்புக்குள் தமிழே கற்றுக் கொடுத்துவிடுகிறது. அதை அப்படியே ஆங்கிலத்துக்கு நீட்டிக் காட்டத்தான் என்னைப் போன்றவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சொல்லின் வாலை நாம் எவ்வளவு துச்சமாக வைத்திருக்கிறோம் என்பதற்கு ஒரு சாட்சி: 'ஆஞ்சியோ'. "மாமாவுக்கு ஆஞ்சியோ பண்ணிட்டாங்க" என்று ஊரே பேசுகிறது. என்ன பண்ணினார்கள்? ஆஞ்சியோ என்றால் வெறும் ரத்தக்குழாய். ஆஞ்சியோகிராம் என்றால் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் அந்தக் குழாயைப் படம் பிடிப்பது. 'கிராம்' என்றால் பதிவு. ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் அடைத்த குழாயை பலூனால் விரித்துச் சீர்படுத்துவது, பெரும்பாலும் ஸ்டென்ட்டும் வைப்பது; 'பிளாஸ்டி' என்றால் உருவமைப்பது. ஒன்று பார்ப்பது, இன்னொன்று வேலை பார்ப்பது. வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதால், படம் எடுக்கப் போனவர் ஸ்டென்ட்டோடு வெளியே வந்து, பில்லைப் பார்த்த பிறகுதான் இரண்டும் வேறு என்றே பலருக்குத் தெரிகிறது. மாரடைப்பு நேரத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் செய்துதான் உயிரைக் காப்பாற்றுவார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். அவசரமில்லாத நேரத்தில், "இன்னைக்கு கிராம் மட்டுமா, பிளாஸ்டியும் உண்டா டாக்டர்?" என்று கேட்க ஒருவருக்காவது தெரிய வேண்டாமா?

'இதெல்லாம் வாத்தியாரின் வார்த்தை விளையாட்டு' என்று நினைப்பவர்கள் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். சம்பவம் நடந்தது 1995 இல். 44 வயதான, திருமணமாகாத ஒரு பெண். உதிரப்போக்குத் தொந்தரவுக்காகப் போகிறார். அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தில் இருந்தது லேப்ராஸ்கோப்பி. லேப்பராட்டமி தேவைப்படலாம் என்றும் இருந்தது. வாலைப் பாருங்கள்: ஸ்கோப்பி, ஆட்டமி. எக்டமி கிடையாது. அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பை, முட்டைப்பைகள், குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தோற்றார். விடாமல் உச்ச நீதிமன்றம் போனார். சோதித்துப் பார்க்கக் கொடுத்த சம்மதம் உறுப்பை எடுக்கக் கொடுத்த சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றாலொழிய, வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய ஒருவருக்காக அம்மா சம்மதம் சொன்னதும் செல்லாது என்று தீர்ப்பானது. மருத்துவருக்குக் கட்டணம் கிடையாது, 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றார்கள். தொகை சின்னதுதான், எனக்கும் ஆத்திரம் வந்தது. நீதிபதிகள் இலக்கணம் பேசவில்லை, சட்டம்தான் பேசினார்கள். ஆனால் வழக்கு நின்றது படிவத்தில் என்ன எழுதியிருந்தது, என்ன எழுதவில்லை என்பதில்தான்.

என் தங்கச்சியின் தாளில் எக்டமி இருந்தது. அதனால் எங்களுக்குச் சட்டமும் கிடையாது. படித்துத்தானே போட்டீர்கள் என்பார்கள்.

இன்னும் இரண்டு வால் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பதிவு எங்கேயோ போகிறது. ஒன்று 'ஐட்டிஸ்'. டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ். தமிழில் அழற்சி. அழல் என்றால் தீ. ஆங்கிலத்தில் இதை விளக்கும் இன்ஃப்ளமேஷன் என்ற சொல்லுக்குள்ளும் தீ என்று பொருள்படும் லத்தீன் சொல்தான் இருக்கிறது. வீங்கிச் சிவந்து சுடுகிற இடத்தைப் பார்த்து இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே எண்ணம் வந்திருக்கிறது. இதை வகுப்பில் சொல்லாமலே ரிட்டயர் ஆகிவிட்டேன் என்பது எனக்கு இன்னும் குறைதான்.

இன்னொன்று 'ஓமா'. இதில் ஜாக்கிரதை. பெரும்பாலும் கட்டி என்று பொருள், ஆனால் எல்லாக் கட்டியும் கேன்சர் இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் ரிப்போர்ட்டில் லைப்போமா என்று பார்த்துவிட்டு மூன்று நாள் சோறு தின்னவில்லை. அது வெறும் கொழுப்புக் கட்டி. ஹீமட்டோமா ரத்தக்கட்டு. குளுக்கோமாவில் கட்டியே கிடையாது, கண் நரம்பு கெடுகிற நோய். மறுபக்கம், லிம்ஃபோமா, மெலனோமா என்று சாதுவாக எழுதியிருக்கும், அவை கேன்சர். வால் வழியைக் காட்டும், வீடு வரை கொண்டுபோய் விடாது.

வால் பொய் சொல்கிற இடமும் உண்டு. வாசெக்டமி என்று ஆண்களுக்கான கருத்தடை. எக்டமி என்றதும் என்னத்தையோ எடுத்துவிடுவார்கள் என்று பயம். எமர்ஜென்சி காலத்தில் நான் கல்லூரிப் பையன். கேம்ப் ஜீப் வருகிறது என்றால் ஆம்பிளைகள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். கட்டாயப்படுத்தினால் யாரும் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் இன்றைக்கும் அந்தப் பயம் போகவில்லை, எல்லாச் சுமையும் பெண்கள் தலையில்தான். 'வாஸ்' என்றால் விந்து போகிற மெல்லிய குழாய். அதைத்தான் வெட்டி அடைக்கிறார்கள், விதைப்பையில் இருப்பதை யாரும் தொடுவதில்லை. இங்கே தலையையும் படிக்க வேண்டும்.

என் டாக்டர் நண்பர் ஒருவர் இதற்குச் சண்டைக்கு வருவார் என்று தெரியும். 'அரைகுறை அறிவு ஆபத்து சார், ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிடுவார்கள்' என்பார். டாக்டர் ஐயா, வால் தெரிந்தவன் ஆபரேஷன் செய்யப் போவதில்லை. உங்களைக் கேள்வி கேட்கப் போகிறான், அவ்வளவுதான். அதற்கு உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகும். கூகுளில் பார்த்துக்கொள்ளலாமே என்கிற தம்பிகளுக்கு: பேனாவை நீட்டிக்கொண்டு ஒருவர் நிற்க, உள்ளே ஸ்ட்ரெச்சர் போய்க்கொண்டிருக்க, எதைத் தேடுவது என்றே தெரியாதவன் என்ன டைப் பண்ணுவான்?

தமிழில் படிவம் கேளுங்கள், ஆங்கிலம் எதற்கு என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. நானும் அதைத்தான் கேட்கிறேன். போன வருடம் ஒரு சொந்தக்காரருக்காகப் போனபோது தமிழ்ப் படிவம்தான் கொடுத்தார்கள். சந்தோஷமாக வாங்கிப் படித்தால், 'எனக்கு லேப்ராஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமி செய்துகொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்று இருக்கிறது. எழுத்து தமிழ். பித்தப்பை நீக்கம் என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. 'நீக்கம்' என்று எழுதினால் ஆறாம் வகுப்புப் படித்த பாட்டிகூட "எதை நீக்கப் போறீங்க?" என்று கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விக்குப் பயந்துதானோ என்னவோ.

பயிற்சி மையத் தம்பிக்கு: கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் மாசம் நூறு பிள்ளைகள் வருகிறார்கள், என்னிடம் இப்போது யாரும் வருவதில்லை. வாரத்தில் ஒரு நாள், கடைசிக் கால் மணி நேரம், பரீட்சைக்கு வராததைச் சொல்லிக் கொடு.

என் பங்குக்கு ஒரு சார்ட் அட்டையில் எழுதியிருக்கிறேன். இடது பக்கம் வால், வலது பக்கம் தமிழ், நடுவில் நம் வீடுகளில் அடிக்கடி புழங்கும் ஆபரேஷன் பெயர்கள். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாட்டிக்கொள்ள நூலகர் சம்மதித்துவிட்டார். கொண்டுபோகும் முன்னால் தங்கச்சியிடம் காட்டினேன். விரலை வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஹிஸ்டரெக்டமி இருந்தது. "அந்த இன்னொண்ணு எங்கண்ணே?" என்றாள்.

இடமில்லாததால் ஓரத்தில் பச்சை ஸ்கெட்சில் எழுதிச் சேர்த்தேன்: ஊஃபரெக்டமி, முட்டைப்பை நீக்கம். அட்டையின் படம் முதல் பின்னூட்டத்தில் இருக்கிறது. பகிர்பவர்கள் என் பெயர் போட வேண்டியதில்லை.